நள்ளிரவு ஷிஃப்டுக்குப் போன சிண்ட்ரெல்லா

இந்த எபிசோட் ஒரு பழைய கார்ட்டூன் பத்தினது. ஆனா முதல்ல ஒரு கேப் கதை.

என்னோட முதல் வேலையில என்னை சப்போர்ட் டீம்ல போட்டிருந்தாங்க. ஷிஃப்ட் முடியறப்போ ராத்திரி 12 மணி. கீழே கேப் நிக்கும், முன் சீட்ல எஸ்கார்ட் அண்ணன் உட்கார்ந்திருப்பார். பெண்களைக் கடைசி ஆளா ட்ராப் பண்ணக் கூடாதுன்னு ரூல். அதனால பக்கத்துல இருக்கிற பையன் வீட்டைத் தாண்டி, ஊரெல்லாம் சுத்தி, எங்களை இறக்கி விட்டுட்டு அப்புறம் அவனைத் திருப்பிக் கொண்டுபோவாங்க. ஒரு நாள் லிஃப்ட் வரல. ஐடி கார்டு கழுத்துல ஆட, படியில ஓடிக்கிட்டே என் டீம்மேட் கத்தினா: "சீக்கிரம் வாடி, மணி 12 ஆச்சு, வண்டி பூசணிக்காயா மாறிடும்!"

அன்னிக்கு அது எங்களுக்குச் சொந்தமான ஜோக்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கார்ட்டூன் பார்த்தேன். அதே ஜோக்கை ஒருத்தர் 1945லயே போட்டு முடிச்சிருந்தார்.

அவர் பேர் டெக்ஸ் ஏவரி. படத்தோட பேர் 'ஸ்விங் ஷிஃப்ட் சிண்ட்ரெல்லா'. எம்ஜிஎம் ஸ்டுடியோ தயாரிப்பு, சுமார் 8 நிமிஷம். சின்ன வயசுல டிவியில டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தவங்களுக்கு, நடுநடுவுல தூங்குமூஞ்சியா ஒரு நாய் வருமே, ட்ரூப்பி, ஞாபகம் இருக்கா? அந்த நாயை உருவாக்கினவரும் இவர்தான். எம்ஜிஎம்முக்கு வர்றதுக்கு முன்னாடி வார்னர் பிரதர்ஸ்ல இருந்தார். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச பக்ஸ் பன்னியோட குணம் முழுசா அமைஞ்சது 1940ல இவர் இயக்கின படத்துலதான்.

சரி, கதைக்கு வருவோம். படம் தொடங்கும்போது ஒரு ஓநாய் ரெட் ரைடிங் ஹூடைத் துரத்திக்கிட்டு ஓடுது. பழகின காட்சி. ஆனா ஓடுற ஓட்டத்துல ரெண்டு பேரும் படத்தோட டைட்டில் கார்டுக்குள்ளேயே நுழைஞ்சிடறாங்க. அந்தக் குட்டிப் பொண்ணு சட்டுனு நின்னு, மேலே எழுதியிருக்கிறதைக் காட்டி, 'இது என் படமே இல்லையே, சிண்ட்ரெல்லா படமாச்சே'ங்கிற மாதிரி ஓநாய்கிட்ட சொல்லுது. ஓநாய் படிச்சுப் பார்க்குது. அவ்வளவுதான், ரெட்டை அங்கேயே கழட்டி விட்டுட்டு, டிப்டாப்பா உடுத்திக்கிட்டு சிண்ட்ரெல்லா வீட்டு வாசல்ல போய் நிக்குது.

சிண்ட்ரெல்லா கதவைச் சாத்திட்டு தேவதைக்கு ஃபோன் போடறா. தேவதைக் கிழவி அப்போ பார்ல உட்கார்ந்து சரக்கடிச்சிக்கிட்டு இருக்காங்க. வந்து மந்திரக்கோலைச் சுழற்றினதும் கிழிஞ்ச துணி கவுன் ஆகுது, பூசணிக்காய் ஸ்டேஷன் வேகன் ஆகுது. சிண்ட்ரெல்லா கிளம்பிப் போறது அரண்மனைக்கு இல்ல, ஒரு நைட் கிளப்புக்கு. அங்க மேடையில பாட்டு, டான்ஸ். ஓநாய் அவளைப் பார்த்து நாற்காலியில உருள, தேவதைக் கிழவி ஓநாயைப் பார்த்து ஜொள்ளு விட, ஒரே ரகளை.

மணி 12 அடிக்குது. சிண்ட்ரெல்லா விழுந்தடிச்சு ஓடறா. மந்திரம் கலையுது. வீட்டுக்குப் போய் தொழிற்சாலை உடையை மாட்டிக்கிட்டு பஸ் ஏறறா. லாக்ஹீட் விமானத் தொழிற்சாலைக்குப் போற பஸ். அவளுக்கு நள்ளிரவு ஷிஃப்ட்!

இந்தப் படத்துல இளவரசன் இல்ல. கண்ணாடிச் செருப்பைத் தூக்கிக்கிட்டு யாரும் வீடு வீடா அலையல. ராத்திரி 12 மணிக்கு அவ ஓடுறது லேட் மார்க் விழக் கூடாதுன்னுதான்.

ஒரு சின்ன விஷயம், என்னை மாதிரி ஷிஃப்ட் பார்த்தவங்களுக்கு மட்டும் உறுத்தும். அமெரிக்கத் தொழிற்சாலை வழக்கத்துல 'ஸ்விங் ஷிஃப்ட்'னா சாயங்காலம் 4 மணியில இருந்து நள்ளிரவு வரை. 12க்கு மேல தொடங்குறதுக்கு அவங்க வச்ச பேர் 'கிரேவ்யார்டு ஷிஃப்ட்', அதாவது சுடுகாட்டு ஷிஃப்ட். ஆக டைட்டில் தப்பு. ஆனா 'சுடுகாட்டு ஷிஃப்ட் சிண்ட்ரெல்லா'ன்னு பேர் வச்சா யார் டிக்கெட் வாங்குவா?

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 1697, பாரிஸ். பதினாலாம் லூயி மன்னரோட அரசுல அதிகாரியா இருந்த சார்ல் பெரோ 8 உரைநடைக் கதைகள் கொண்ட ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். ரெட் ரைடிங் ஹூட், சிண்ட்ரெல்லா ரெண்டுமே அதுல இருக்கு. பூசணிக்காய் வண்டி, தேவதை, நள்ளிரவுக் கெடு எல்லாம் பெரோவோட சிண்ட்ரெல்லாவுல வர்ற சமாச்சாரங்கள். 1812ல கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில எழுதின சிண்ட்ரெல்லாவுல பூசணிக்காய் வண்டியும் தேவதையும் கிடையாது. அங்க அம்மாவோட கல்லறையில வளர்ந்த மரம்தான் அவளுக்கு உடை கொடுக்கும்.

அதைவிட முக்கியம் ஓநாய். பெரோவோட கதையில வேடன் வந்து ரெட்டைக் காப்பாத்த மாட்டான், அது கிரிம் கதையில வர்ற முடிவு. பெரோவுல ஓநாய் அவளைத் தின்னுடும், கதை முடிஞ்சிடும். கடைசியில நீதி மாதிரி சில வரிகள் வரும். அதோட சாரம் இதுதான்: எல்லா ஓநாயும் ஒரே ரகம் இல்ல, நயமா, இனிக்க இனிக்கப் பேசி, இளம் பெண்கள் பின்னாலேயே வீடு வரைக்கும் வர்ற ஓநாய்தான் ரொம்ப ஆபத்து.

யோசிச்சுப் பாருங்க. ஏவரி ஓநாய்க்குக் கோட் சூட் மாட்டிவிட்டதும், அவர் பாட்டி கதையைக் கெடுத்துட்டார்னுதான் நமக்குத் தோணும். உண்மையில 250 வருஷப் பழைய மூலக்கதைக்குப் பக்கத்துல போனது அவர்தான். ஒரே புத்தகத்துல இருந்த ரெண்டு பொண்ணுங்களோட கதையையும் எடுத்து, ஒருத்தியைத் துரத்தின ஓநாயை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கார்.

கதைகளைக் கலக்கிறதை ஏவரி கண்டுபிடிக்கல. 1933ல வால்ட் டிஸ்னியோட 'மூன்று பன்றிக்குட்டிகள்' அமெரிக்காவையே ஒரு கலக்கு கலக்கினது. தியேட்டர்காரங்க இன்னும் பன்றி வேணும்னு கேட்க, 1934ல அதே பன்றிகளையும் ஓநாயையும் ரெட் ரைடிங் ஹூட் கதைக்குள்ள இறக்கி ஒரு படம் வந்தது. அது ஹிட்டான ஹீரோவுக்கு இன்னொரு படம் எடுக்கிற மாதிரி ஒரு வியாபாரக் கலவை.

ஏவரி செய்தது வேற. 1940ல, வார்னர்ல இருந்தப்போ, 'தி பேர்ஸ் டேல்'னு ஒரு படம் எடுத்தார். கோல்டிலாக்ஸ் கதையும் ரெட் கதையும் அதுல ஒண்ணா ஓடும். ஓநாய் பாட்டி வீட்டுல போர்வைக்குள்ள காத்திருந்தா, வர்றது கோல்டிலாக்ஸ். தப்பான கதைக்கு வந்துட்டியேம்மான்னு சொல்லி, கரடிகள் வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டு, அப்புறம் இவளைத் தின்னாலும் பசி அடங்குமேன்னு அதுவும் அங்க கிளம்பிடும். ரெட் வந்து பார்த்தா, ஓநாய் எழுதி வச்ச ஒரு சீட்டுதான் கிடக்கும். உடனே கோல்டிலாக்ஸுக்கு ஃபோன். திரையை நடுவுல ஒரு கோடு பிரிக்குது, இந்தப் பக்கம் ரெட், அந்தப் பக்கம் கோல்டிலாக்ஸ். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பேச்சு வர்றப்போ, ரெட் அந்தக் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி சீட்டைக் கொடுத்துடுவா!

முதல் தடவை பார்த்தப்போ நான் பாஸ் பண்ணி ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். ரெண்டு கதைக்கும் நடுவுல இருக்கிற சுவர் வெறும் ஒரு கோடுதான், கை நீட்டினா போதும்னு அந்த ஒரு ஷாட் சொல்லிடுது. இதுக்கு முன்கதை எதுவும் சொல்லத் தேவையில்ல, ஏன்னா பார்க்கிற எல்லாருக்கும் ரெண்டு கதையும் மனப்பாடம். எந்த இடத்துல எது மாறுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. கோட் எழுதறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஆடியன்ஸ் தலைக்குள்ளேயே டிஃப் ஓடும். மாறின வரி மட்டும் பளிச்சுனு தெரியும்.

இந்த இடத்துல 'ஸ்விங் ஷிஃப்ட்' படத்துக்குத் திரும்பலாம். அதுல மாறின முக்கியமான வரி எது? நள்ளிரவு.

பெரோ கதையில 12 மணி அடிச்சா சிண்ட்ரெல்லா திரும்ப அடுப்படிக்குப் போகணும். சித்தி வீட்டு வேலை, சம்பளம் கிடையாது, பரண்ல வைக்கோல் படுக்கை. ஏவரி படத்துல 12 மணி அடிச்சா அவ திரும்பறது ஒரு வேலைக்கு. சம்பளம், யூனிஃபார்ம், பஸ், டைம் கார்டு எல்லாம் இருக்கிற வேலை. மந்திரம் கலைஞ்சதும் மிச்சம் இருக்கிறது ஒரு தொழிலாளி.

அந்த வேலை ஏன் லாக்ஹீட்ல? ஏன்னா லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்கள்ல பல பேர் அங்கிருந்தோ, அது மாதிரி இன்னொரு ஆலையில இருந்தோ நேரா படம் பார்க்க வந்தவங்க. லாக்ஹீட் ஆலை இருந்தது பர்பாங்க் நகரத்துல. பி-38 லைட்னிங் போர் விமானம் அவங்களோடது, போர் முடியறதுக்குள்ள சுமார் 10,000 செஞ்சாங்க. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, அடுத்து ஜப்பான் விமானங்கள் கலிஃபோர்னியாவுக்கும் வரும்னு பயந்து, மொத்த ஆலையையும் மறைச்சாங்க. எப்படி? மேலே வலையும் கேன்வாஸும் விரிச்சு, அதுல வீடு, தோட்டம், தெரு எல்லாம் வரைஞ்சு, கோழிக்கூண்டுக் கம்பிவலையில இறகு ஒட்டி மரங்கள் செஞ்சு நட்டாங்க. ஹாலிவுட் செட் போடறவங்களும் உதவிக்கு வந்தாங்க. வானத்துல இருந்து பார்த்தா ஒரு அமைதியான ஊர். அடியில விமானம் செய்யற ஆலை ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கு.

அந்த அடியில வேலை பார்த்தவங்கள்ல ஏராளமானோர் பெண்கள். 1940ல அமெரிக்க உழைப்பாளர்கள்ல பெண்கள் சுமார் 27 சதவீதம், 1945ல கிட்டத்தட்ட 37. அதுவும் விமானத் தொழில்ல, போருக்கு முன்னாடி பெண்களை விரல் விட்டு எண்ணிடலாம். விமானத்தோட தகடுகளைச் சேர்க்கிறது ரிவெட், அதாவது தலை உள்ள ஆணி. ஒரு பக்கம் ஒருத்தர் துப்பாக்கி மாதிரி கருவியால அடிக்க, மறுபக்கம் இன்னொருத்தர் இரும்புக் கட்டையை அண்டக் கொடுக்கணும். புதுசா வந்தவங்களுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? அதே பர்பாங்க்லதான் டிஸ்னி ஸ்டுடியோ வச்சிருந்தது. ரிவெட் அடிக்கிற நாலு முறைகளைப் பத்தி டிஸ்னி ஒரு பயிற்சி கார்ட்டூனே செஞ்சு கொடுத்தது. கார்ட்டூனுக்கும் ஆலைக்கும் நடுவுல இருந்ததும் வெறும் ஒரு கோடுதான்.

ரிவெட்னு சொன்னதும் 'ரோஸி தி ரிவெட்டர்' ஞாபகம் வரும். தலையில சிவப்புத் துணி கட்டி, கை முஷ்டியை மடக்கிக் காட்டற போஸ்டர். காபி மக்ல கூட இருக்கு. ஆனா போர்க்காலத்துல அந்தப் போஸ்டரை நாட்டு மக்கள் பார்க்கவே இல்ல. 1943ல வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி தன்னோட ஆலைகளுக்குள்ள சில வாரம் ஒட்டி வச்சது, அவ்வளவுதான். 1980களுக்கு மேலதான் அது பிரபலம் ஆனது, ரோஸிங்கிற பேரும் அதுக்குப் பின்னாடி ஒட்டினதுதான். அன்னிக்கு மக்களுக்குத் தெரிஞ்ச ரோஸி ஒரு ரேடியோ பாட்டும், 1943 மே மாசம் நார்மன் ராக்வெல் வரைஞ்ச ஒரு பத்திரிகை அட்டைப்படமும். தியேட்டர்ல தெரிஞ்சவ, நம்ம சிண்ட்ரெல்லா.

அதே வட்டாரத்துல, ஆளில்லாத குட்டி விமானங்கள் செய்யற ஒரு ஆலையில, நார்மா ஜீன்னு ஒரு சின்னப் பொண்ணு வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. ராணுவப் புகைப்படக்காரர் ஒருத்தர் வேலை செய்யற பெண்களைப் படம் எடுக்க வந்தவர் அவளையும் எடுத்தார். அங்க தொடங்கி அவ மாடல் ஆகி, நடிகை ஆகி, மர்லின் மன்றோ ஆனா. ஆலையில இருந்து மேடைக்குப் போன சிண்ட்ரெல்லா.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு ஒத்துக்கணும். இது பெண்களுக்காகப் போராடற படம்னு நான் சொல்ல வரல. நைட் கிளப் காட்சியை வரைஞ்சதுல முக்கியமானவர் பிரெஸ்டன் பிளேர். டிஸ்னியோட 'ஃபேன்டேசியா'வுல நீர்யானை பாலே காட்சியில வேலை செஞ்ச அதே கை. அந்த டான்ஸ் யாருக்காக வரைஞ்சது, எந்தக் கண்ணுல இருந்து வரைஞ்சதுன்னு கேட்கவே தேவையில்ல. கேமரா பாதி நேரம் ஓநாய் பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கு. ஆனா அடி வாங்குறது எப்பவும் ஓநாய்தான். கண் பிதுங்குது, நாக்கு தொங்குது, மானம் போகுது. போதாக்குறைக்கு ஒரு கிழவி வேற அதைத் துரத்தறா. 1943ல வந்த 'ரெட் ஹாட் ரைடிங் ஹூட்'லயும் ஏவரி இதையே செஞ்சிருந்தார், அங்க ரெட்டோட பாட்டி ஓநாயைத் துரத்துவாங்க.

நான் சொல்லாம வச்சிருந்தது கடைசிக் காட்சி.

சிண்ட்ரெல்லா பஸ்ல உட்கார்றா. அப்பாடா, அந்த ஓநாய்கிட்ட இருந்து தப்பிச்சோம்னு பெருமூச்சு விடறா. கேமரா விலகுது. பஸ் முழுக்க ஓநாய்கள், எல்லாம் வேலைக்குப் போற உடுப்புல. எல்லாம் அவளையே பார்க்குது. படம் முடிஞ்சது.

ஏவரிக்கு அது கடைசி வெடி, அவ்வளவுதான். ஒரு ஓநாய்ல இருந்து தப்பிச்சா பத்து ஓநாய். தியேட்டர் சிரிச்சிருக்கும். அந்த பஸ்ல தினம் போய் வந்த பெண்ணும் சிரிச்சிருக்கலாம், பக்கத்துல இருந்தவன் சிரிச்ச அதே காரணத்துக்கு இல்லாம. கேப்ல எஸ்கார்ட் ஏன் வர்றார்னு தெரிஞ்சவ நான். எனக்கு அந்தக் காட்சி இப்போ பார்த்தாலும் முதல் அரை நொடி சிரிப்பு, அப்புறம் வேற என்னமோ. சுமார் 250 வருஷமா காட்டுல, வீட்டு வாசல்ல, போர்வைக்குள்ள இருந்த ஓநாய், பொண்ணு சம்பாதிக்கக் கிளம்பினதும் அவளுக்கு முன்னாடியே பஸ்ல சீட் பிடிச்சு உட்கார்ந்துடுச்சு.

இனி தேதி. கார்ட்டூன் செய்யறது மாசக் கணக்குல ஆகிற வேலை. 8 நிமிஷம்னா, நொடிக்கு 24 ஃப்ரேம், 11,000க்கு மேல. இதை வரையத் தொடங்கினப்போ போர் உச்சத்துல இருந்தது, நள்ளிரவு ஷிஃப்டுக்கு ஆள் போதல. படம் தியேட்டருக்கு வந்த நாள் 1945 ஆகஸ்ட் 25. ஜப்பான் சரணடையுதுன்னு அமெரிக்கா அறிவிச்சது ஆகஸ்ட் 14.

11 நாள் இடைவெளி. அதுக்குள்ள விமான ஆர்டர்கள் ரத்தாகத் தொடங்கிடுச்சு. சிண்ட்ரெல்லா திரையில பஸ் ஏறிக்கிட்டு இருக்கா. வெளியே அந்த பஸ் போய்ச் சேர்ற இடத்துல வேலை காணாமப் போயிக்கிட்டு இருக்கு. நள்ளிரவு ஷிஃப்டே போரோட ஏற்பாடுதான். போர் முடிஞ்சா அது முதல்ல போகும். போருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தா பழைய வேலை அவங்களுக்குத்தான்னு 1940லயே சட்டம் இருந்தது.

பெண்கள் எல்லாம் சந்தோஷமா வீட்டுக்குத் திரும்பிட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறையோட பெண்கள் பிரிவு 1944, 45ல பத்து போர் உற்பத்திப் பகுதிகள்ல பெண்களை நேரடியா கேட்டது. போருக்குப் பிறகும் வேலையில தொடர விருப்பமான்னு. சுமார் 75 சதவீதம் பேர் ஆமாம்னு சொன்னாங்க. கேட்டாங்க, எழுதி வச்சாங்க, 1946ல அறிக்கையா அச்சடிச்சாங்க. அதுக்குள்ள அவங்கள்ல நிறைய பேர் அந்த ஆலைகள்ல இல்ல. வேலையை விடாதவங்களும் நிறைய பேர் உண்டு, ஆனா கடை, ஆபீஸ் டைப்பிங்னு கம்மிச் சம்பள வேலைகளுக்கு.

கார்ட்டூன் உலகத்துல என்ன ஆச்சுன்னா, 1949ல ஏவரி 'லிட்டில் ரூரல் ரைடிங் ஹூட்' எடுத்தார். ஒரு கிராமத்து ஓநாய், ஒரு பட்டணத்து ஓநாய். நைட் கிளப் காட்சி வேணும், ஆனா புதுசா வரையறது செலவு. 'ஸ்விங் ஷிஃப்ட் சிண்ட்ரெல்லா'வுல இருந்த டான்ஸை எடுத்து அப்படியே திரும்பப் பயன்படுத்தினாங்க. அதே பொண்ணு, அதே அசைவு. இந்தத் தடவை அவ சிண்ட்ரெல்லா இல்ல, ரெட். ஆட்டம் முடிஞ்சதும் அவளுக்கு ஓடிப் பிடிக்க பஸ் எதுவும் இல்ல.

அடுத்த வருஷம், 1950 பிப்ரவரியில, டிஸ்னியோட சிண்ட்ரெல்லா வெளியாச்சு. கடன்ல இருந்த ஸ்டுடியோவைத் தூக்கி நிறுத்தின படம். நம்ம எல்லாருக்கும் சிண்ட்ரெல்லான்னா கண்ணுல வர்றது அவதான். இளவரசன், செருப்பு, கல்யாண வண்டி எல்லாம் திரும்ப வந்துடுச்சு. அதை வரைஞ்ச ஸ்டுடியோவும் பர்பாங்க்லதான், லாக்ஹீட் இருந்த அதே ஊர்ல.